ஒரு பேனாக்கத்தியின் பிறந்த ஆண்டு

பழைய பொருள் சேகரிப்பு என்றதும் தபால்தலை, நாணயம், பித்தளை விளக்கு ஆகியவைதாம் பலருக்கு நினைவுக்கு வரும். பேனாக்கத்தி சேகரிப்போரும் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு மடக்குக்கத்திக்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த விலை கத்தியின் கூர்மைக்குத் தரப்படுவதல்ல. யார் செய்தது, எப்போது செய்தது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலுக்குத் தரப்படுவது.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். தாத்தாவின் தகரப்பெட்டியைத் துப்புரவு செய்யும்போது பேரன் கையில் ஒரு மடக்குக்கத்தி சிக்குகிறது. மான்கொம்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் வெள்ளை உலோகப் பூண். அலகைத் திறந்தால் அடிப்பகுதியில் ஆங்கில எழுத்து 'ஜி', நடுவில் ஒரு கிரீடம், பிறகு 'ஆர்'. அதன்கீழ் 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி' என்ற சொற்கள். மறுபக்கத்தில் 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து'. பாட்டியைக் கேட்டால், "தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போறப்ப தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போனாரு, புதுக் கத்தி, காகிதத்துல சுத்தி இருந்துச்சு" என்கிறார். பழைய பொருள் வியாபாரியோ, "ஜி.ஆர் என்றால் நான்காம் ஜார்ஜ் மன்னர். இது 1820களில் செய்த கத்தி. உங்கள் பாட்டிக்கு என்ன தெரியும்?" என்கிறார்.

இருவரில் ஒருவர் நூறாண்டு தவறிவிட்டார். யார் என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கத்தியே பதில் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஐந்து ஆறுகளின் ஊர்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் வட்டாரத்தில் உள்ளது ஷெஃபீல்டு. ஷீஃப், டான், ரிவலின், லாக்ஸ்லி, போர்ட்டர் என ஐந்து ஆறுகள் ஓடும் மலையடிவார ஊர். நீராவி வருவதற்கு முன்னால் ஓடும் தண்ணீர்தான் சாணைக்கல்லைச் சுற்றியது. அந்தச் சாணைக்குத் தேவையான மணற்கல்லும் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது. கத்தித் தொழில் அங்கே ஊன்றியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், தம் கதை ஒன்றில் வரும் மாவு ஆலைக்காரர் ஷெஃபீல்டுக் கத்தி ஒன்றை வைத்திருந்ததாகப் பாடியிருக்கிறார். அப்போதே ஊர்ப் பெயர் சொன்னால் பொருள் விளங்கியிருக்கிறது.

1624ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றச் சட்டத்தின்மூலம் ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. ஷெஃபீல்டும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் சேர்ந்ததுதான் ஹாலம்ஷயர். இந்தச் சங்கத்தின் முக்கியமான வேலை, தேர்ச்சி பெற்ற ஒவ்வொரு கைவினைஞருக்கும் தனி முத்திரை வழங்கிப் பதிவு செய்வது. எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த காலம் அது. ஆகவே நட்சத்திரம், சிலுவை, இதயம், அம்பு என்று படங்களே முத்திரையாயின. வண்ணார் குறிபோல, பார்த்த மாத்திரத்தில் இன்னாருடைய பொருள் என்று தெரிந்துவிடும். இன்றைய சேகரிப்பாளருக்கு அந்தப் பதிவேடுதான் முதல் துணை.

முத்திரை எந்த இடத்தில் குத்தப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு துப்பு. 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் பெரும்பாலும் அது அலகின் முகத்திலேயே, கண்ணுக்கு நேரே இருக்கும். பின்னாளில் கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதிக்கு இறங்கிவிட்டது.

நட்சத்திரமும் சிலுவையும்

ஷெஃபீல்டு முத்திரைகளில் மிகப் புகழ்பெற்றது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். 1764ஆம் ஆண்டிலிருந்து இந்த முத்திரை அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. நார்ஃபோக் வீதி, 6ஆம் எண் என்ற அவர்களின் முகவரி கத்தி வாங்குவோரிடையே தனிப் பெயராகவே நிலைத்துப்போனது. 1822ஆம் ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னரின் கத்தி வினைஞர்கள் என்ற அரச அங்கீகாரம் கிடைத்தது.

அந்தச் சிறப்பை ஊரறியச் செய்ய அவர்கள் செய்த வேலை வேடிக்கையானது. 1822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து காட்சிக்கு வைத்தார்கள். பிறகு ஆண்டுதோறும் ஓர் அலகு சேர்க்கும் வழக்கம் வந்தது. அதனால் 'ஆண்டுக் கத்தி' என்றே அதற்குப் பெயர். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சிக்காக 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட 'நார்ஃபோக் கத்தி'யைச் செய்தார்கள். கைப்பிடி முத்துச்சிப்பி, அலகுகளில் சித்திர வேலைப்பாடு. ஷெஃபீல்டின் கத்தித் தொழிலாளர் மாளிகையில் அது வைக்கப்பட்டுள்ளது. இவற்றால் யாரும் ஒரு மாம்பழத்தைக்கூட நறுக்கியிருக்க முடியாது. ஆனால் விளம்பரம் என்ற சொல் பெரிதாகப் புழங்காத காலத்தில் விளம்பரம் செய்வது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. இலங்கையில் 'ராட்ஜர்ஸ்' என்ற பெயர், மிகச் சிறந்தது என்ற பொருளில் சிங்களப் பேச்சிலேயே கலந்துவிட்டது என்று ஷெஃபீல்டுத் தொழில் வரலாற்று நூல்களில் சொல்லப்படுவதுண்டு.

பெயர் பெரிதானால் போலி பின்னாலேயே வரும். ராட்ஜர்ஸ் பெயரை உரிமையின்றிக் கத்திகளில் குத்தியதாக நோவில் என்பவர்மீது 1840களில் தொடங்கிய வழக்கு, 1853 வரை வெவ்வேறு நீதிமன்றங்களில் நடந்தது. ஆங்கில வணிகச் சின்னச் சட்ட வரலாற்றில் இடம்பெற்ற வழக்கு அது. பெயரில் ஓர் எழுத்தை விட்டு 'ராஜர்ஸ்' என்று குத்தப்பட்ட கத்திகளும் உண்டு. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு நடுவே 'டி' என்ற எழுத்து இருக்க வேண்டும். அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தட்டுப்படாது. அதைத்தான் போலிக்காரர்கள் எதிர்பார்த்தார்கள்.

இன்னொரு பெரிய பெயர் ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். அவர்களின் முத்திரை 'ஐ', நட்சத்திரம், 'எக்ஸ்.எல்'. சேர்த்து வாசித்தால் 'நான் விஞ்சி நிற்கிறேன்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர் காதில் விழும். அமெரிக்கச் சந்தையை நம்பியே வளர்ந்த நிறுவனம் என்பதால் தங்கள் தொழிற்சாலைக்கு வாஷிங்டன் என்று பெயரிட்டார்கள். குடும்பத்தின் அசல் பெயர் வால்ஸ்டன்ஹோம். சிறிய அலகில் குத்த இடம் போதாததால் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, கத்தி செய்வோர்க்கு அந்த ஆசை வரத்தான் செய்யும்.

எழுத்துகள் சொல்லும் காலம்

கிரீடத்தின் இருபுறமும் இருக்கும் எழுத்துகள் அரசரைக் குறிக்கும். 'டபிள்யூ.ஆர்' என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. 'வி.ஆர்' விக்டோரியா மகாராணி, 1837 முதல் 1901 வரை. 'இ.ஆர்' என்பது ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. சிக்கல் 'ஜி.ஆர்' விஷயத்தில்தான். நான்காம் ஜார்ஜ் 1820 முதல் 1830 வரை ஆண்டார். ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை. ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை. ஒரே எழுத்து, மூன்று அரசர்கள். வியாபாரி எப்போதும் பழைய ஜார்ஜையே தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

அரச முத்திரை ஒரு கத்திக்கு முன்னெல்லையைத் தான் காட்டும். அந்த அரசர் பட்டத்துக்கு வருவதற்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது. ஆனால் அரசர் மறைந்த மறுநாளே பட்டறையில் அச்சை மாற்றியிருப்பார்கள் என்று நம்ப வேண்டியதில்லை. 'ஹிஸ் மெஜஸ்டி', 'ஹர் மெஜஸ்டி' என்ற சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசரா, அரசியா என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்த துப்பு நாட்டின் பெயர். 1890ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய மெக்கின்லி தீர்வைச் சட்டம், 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு ஷெஃபீல்டுக்காரர்கள் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஷெஃபீல்டு எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே 'இங்கிலாந்து' என்ற சொல் குத்தப்பட்ட கத்தி, பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுத் தொடராக இருந்தால் இன்னும் பிந்தியது. அநேகமாக முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இதைத் தலைகீழாக்கிப் பார்ப்பதுதான் தவறு. நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு கத்தி 1891க்கு முந்தியதாகிவிடாது. உள்நாட்டுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் போன சரக்குக்கு அந்த அமெரிக்கச் சட்டம் பொருந்தவில்லை.

'மேட் இன் ஜெர்மனி' என்ற தொடருக்கும் ஷெஃபீல்டுக்கும் தொடர்பு உண்டு. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த மலிவான கத்திகளில் ஷெஃபீல்டு பெயரைக் குத்தி விற்கிறார்கள் என்று ஷெஃபீல்டுக்காரர்கள் கூச்சலிட்டார்கள். 1887ஆம் ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த வணிகப் பொருள் முத்திரைச் சட்டத்துக்கு அந்தக் கூச்சலும் ஒரு காரணம். அவமானமாக இருக்கட்டும் என்று குத்த வைத்த 'மேட் இன் ஜெர்மனி' பிற்காலத்தில் தரத்தின் அடையாளமாகிவிட்டது வேறு கதை.

போர்க்காலக் கத்திகளில் இந்தத் தலைவலியே இல்லை. பிரிட்டிஷ் இராணுவத்துக்காகச் செய்த மடக்குக்கத்திகளில் அரசாங்கச் சொத்து என்பதற்கு அடையாளமான அகன்ற அம்புக்குறி இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்திகள் பலவற்றில் ஆண்டையே எண்ணில் குத்தியிருப்பார்கள். மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தின்போது இங்கே பிரிட்டிஷ் துருப்புகள் பணியாற்றியதை நினைத்துப் பார்த்தால், அப்படிப்பட்ட கத்தி ஒன்று இங்குள்ள வீட்டில் கிடைப்பது அதிசயமல்ல.

உலோகம் பொய் சொல்லாது

எழுத்தைப் போலியாகக் குத்தலாம். உலோகத்தின் வயதை மறைப்பது கடினம்.

1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று மூசையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் முதலில் அதைத் தொட மறுத்தார்கள். மிகவும் கடினமாக இருக்கிறதாம். அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் போட்டிக்கு வந்தபிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்குப் புத்தி வந்தது. 'காஸ்ட் ஸ்டீல்' என்று குத்திய பழைய அலகுகள் அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுகள்.

கைப்பிடி முனையில் உள்ள பூண் இன்னும் எளிதான துப்பு. பழைய கத்திகளில் அது இரும்பு, பித்தளை அல்லது அசல் வெள்ளி. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றையும் கலந்த, 'ஜெர்மன் சில்வர்' எனப்படும் வெள்ளை உலோகம் 1830களை ஒட்டித்தான் ஷெஃபீல்டுத் தொழிலில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே அந்த உலோகப் பூண் உள்ள கத்தியை 1820களுக்குக் கொண்டுபோக நினைப்பவர் அதற்குத் தனியாகச் சான்று காட்ட வேண்டியிருக்கும்.

துருப்பிடிக்காத எஃகு 1913ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் ஹேரி ப்ரியர்லியின் கையில் உருவானது. அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கத்திக்காரர்கள் கேலி செய்தார்கள். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் இருந்தால் அந்தக் கத்தி முதல் உலகப் போரையொட்டிய காலத்துக்கு முந்தியதல்ல. இதில் வாதத்துக்கே இடமில்லை.

பேனாக்கத்தி என்ற பெயரிலும் காலம் ஒளிந்திருக்கிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்காகவே அந்தச் சிறிய, மெல்லிய அலகு உண்டானது. 1820களிலும் 1830களிலும் பர்மிங்ஹாமில் எஃகுப் பேனா முள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டதும் இறகு மறைந்தது. கத்தி பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த முள் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ஜோசப் கில்லட் ஷெஃபீல்டில் பிறந்து, கத்தித் தொழிலில் வேலை செய்துவிட்டுப் பர்மிங்ஹாமுக்குப் போனவர். தாய்வீட்டுத் தொழிலின் ஒரு கிளையை அவரே வெட்டிவிட்டார் என்று சொல்லலாம்.

துல்லியமாக ஆண்டு தெரிய வேண்டும் என்போர் வெள்ளிப் பழக்கத்திகளைத் தேடிப் போகிறார்கள். பழத்தின் புளிப்பு எஃகைக் கறுக்க வைக்கும் என்பதால் சீமாட்டிகளுக்காக வெள்ளி அலகும் முத்துச்சிப்பிக் கைப்பிடியும் வைத்துச் செய்த மடக்குக்கத்திகள் இவை. வெள்ளி என்பதால் சட்டப்படி தரச்சோதனை முத்திரை வேண்டும். ஷெஃபீல்டுச் சோதனை நிலையம் 1773இல் தொடங்கியது. அதன் குறி கிரீடம். 1975இல் அது ரோஜாவாக மாறியது. நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைச் சொல்லும். அரசர் தலை இருந்தால் 1784 முதல் 1890 வரை வசூலித்த வரி கட்டியாயிற்று என்று பொருள். அதோடு ஆண்டுக்கு ஓர் எழுத்து. அட்டவணையைப் பார்த்தால் ஆண்டு கைமேல் கிடைக்கும். ஒரு தொல்லை: 1824 வரை ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த எழுத்துகளை அகரவரிசைப்படி போடவில்லை. மனம்போனபடி போட்டார்கள். அட்டவணை இல்லாமல் ஊகிக்கப் புகுந்தால் அவ்வளவுதான்.

கைவேலை என்பதன் பொருள்

கையால் செய்தது என்று சொல்லும்போது ஒரே மனிதர் உட்கார்ந்து முழுக் கத்தியையும் செய்தார் என்ற எண்ணம் வருகிறது. ஷெஃபீல்டில் அப்படி நடக்கவில்லை. ஒருவர் உலையில் அலகைக் காய்ச்சி அடித்தார். இன்னொருவர் சாணை பிடித்தார். மூன்றாமவர் கைப்பிடி, வில், பூண் எல்லாவற்றையும் பொருத்தினார். பலர் எந்த நிறுவனத்துக்கும் ஆளல்ல. பெரிய கட்டடத்தில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்து, சொந்தக் கருவியோடு வேலை செய்த 'லிட்டில் மெஸ்டர்' எனப்படும் சின்ன முதலாளிகள். கத்தியில் இருப்பது பெரிய நிறுவனத்தின் பெயர். செய்த கையின் பெயர் எங்கும் இல்லை.

அந்தக் கை தெரியும் இடங்கள் உண்டு. கத்தியை மூடினாலும் திறந்தாலும் முதுகு வில் கைப்பிடியோடு ஒரே மட்டத்தில் வழவழப்பாகச் சேர வேண்டும். நகத்தால் தடவினால் தடுக்கக்கூடாது. அரத்தால் ராவி ராவிக் கொண்டுவந்த மட்டம் அது. மூடும்போது 'சடக்' என்று ஒரு சத்தம். தளர்ந்த 'டக்' அல்ல. பல அலகுகள் உள்ள கத்தியில் அவை ஒன்றையொன்று உரசாமல் ஒரே பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். உற்றுப் பார்த்தால் தறையாணிகளின் இடைவெளி மயிரிழை பிசகியிருக்கும். இயந்திரம் அப்படிப் பிசகாது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் சாணைக்காரர்கள். மரப்பலகையில் குதிரைச் சவாரிபோல் அமர்ந்து, சுழலும் கல்லின்மீது குனிந்து வேலை செய்தார்கள். கல்தூசியும் எஃகுத்தூசியும் நேராக மூச்சில் போயின. 1845இல் வெளிவந்த எங்கெல்ஸின் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய நூல், ஷெஃபீல்டு மருத்துவர் நைட் கூறியதை எடுத்துக்காட்டுகிறது. உலர்ந்த கல்லில் வேலை செய்தவர்களின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகூட இல்லை. ஈரக்கல்லில் செய்தவர்கள் 45ஐத் தாண்டுவது அரிது. முள்கரண்டி சாணைக்காரர்கள் நிலைதான் மிக மோசம். மடக்குக்கத்தி அலகை ஈரக்கல்லில் பிடித்ததால் அவர்கள் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

தூசியை இழுக்கும் கருவி வந்தபோது அதைத் தொழிலாளர்களே உடைத்த சம்பவத்தையும் அதே நூல் சொல்கிறது. தொழில் ஆபத்தில்லாததாகிவிட்டால் ஆட்கள் பெருகிக் கூலி குறைந்துவிடும் என்ற பயம். குறைந்த ஆயுளும் நல்ல கூலியும் போதும் என்று இருபது வயதில் ஒருவர் முடிவு செய்கிறார் என்றால், அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் கிடக்கும் கத்தியைப் பார்த்து 'எத்தனை நேர்த்தி' என்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

தந்தமா, எலும்பா?

கைப்பிடியைப் பொறுத்தவரை, கடமான் கொம்பு இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. மான் தானாக உதிர்த்த கொம்பு அதற்குப் போதும். தந்தம் கேட்ட விலை அப்படியல்ல. ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் டன் கணக்கில் தந்தம் வாங்கினார்கள்; ஒவ்வொரு டன்னுக்குப் பின்னாலும் எத்தனை யானை என்பது அவரவர் கணக்கு.

தந்தத்தை அடையாளம் காண அதன் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகளைப் பார்க்க வேண்டும். எலும்பில் கோடுகள் இருக்காது. சிறுசிறு கரும்புள்ளிகள் இருக்கும். நேர்க்கோடுகள் ஒழுங்காக, சீராக ஓடினால் அது தந்தம்போல் செய்த செல்லுலாய்டு. தேய்த்தால் கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது என்பதால் அதுவும் ஒரு காலத் துப்புதான். ஆனால் அது பழையதானால் சிதைந்து அமில ஆவியை விடும். பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளும் துருப்பிடிக்கும். அதைத் தனியே காற்றாட வைக்க வேண்டும்; தீப்பற்றக் கூடியது என்பதையும் மறக்கக்கூடாது.

தந்தக் கைப்பிடி என்று தெரிந்தால் விற்கும் எண்ணத்தைத் தள்ளிவைப்பது நல்லது. 1989இல் எடுத்த முடிவின்படி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் அனைத்துலக வணிகம் தடைசெய்யப்பட்டது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டில் யானைத் தந்தப் பொருள்களை விற்பதும் விற்பனைக்குக் காட்சிக்கு வைப்பதும் குற்றம். பிரிட்டனிலும் 2022 முதல் கடும் கட்டுப்பாடு. வீட்டில் நினைவாக வைத்திருப்பது வேறு; இணையத்தில் படம் போட்டு விலை கேட்பது வேறு. அதேபோல், எந்தக் கத்தியானாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துப்புரவு என்ற பெயரில் நடக்கும் கொடுமையையும் சொல்ல வேண்டும். கறுத்த அலகைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். அந்தத் தேய்ப்பில் முத்திரை போய்விடும். முத்திரை போனால் கத்திக்குப் பெயரும் போய்விடும், ஊரும் போய்விடும். ஒரு சொட்டு எண்ணெய், மென்மையான துணி, இவ்வளவு போதும். அதிகம் தேய்ந்த அலகும் மிகப் புதிதான முத்திரையும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம். கைப்பிடி பழையது, அலகு மட்டும் பளிச்சென்று இருந்தால் வேறு கத்தியின் அலகை மாட்டியிருக்கக்கூடும்.

கடைசி வரிசையினர்

ராட்ஜர்ஸும் வாஸ்டன்ஹோமும் 1971இல் ஒன்றாயின. நூற்றைம்பது ஆண்டு போட்டியாளர்கள் ஒரே குடையின்கீழ் வந்தபோது இருவரிடமும் பழைய பலம் இல்லை. மலிவு விலைக் கத்தியும் துருப்பிடிக்காத எஃகும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சட்டைப்பையில் கத்தி வைக்கும் பழக்கம் போனதும் தொழிலைச் சாய்த்துவிட்டன. கருவிக் கடை வைத்திருந்த கென் ஹாலி, மூடப்படும் பட்டறைகளிலிருந்து கருவிகளையும் கத்திகளையும் விலைப்பட்டியல்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 2014இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பு ஷெஃபீல்டின் கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்று ஒரு கத்தியின் காலத்தைச் சொல்ல முடிகிறது என்றால், பிறர் குப்பை என்று எறிந்த அந்த விலைப்பட்டியல்களுக்கும் அதில் பங்குண்டு.

1926இல் பிறந்த ஸ்டேன் ஷா, பதின்ம வயதில் இபர்சன் என்ற பழைய நிறுவனத்தில் வேலை பழகச் சேர்ந்தார். பழைய முறைப்படி மடக்குக்கத்தி செய்வதில் அவருக்கு இணையில்லை என்று சேகரிப்பாளர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். 2021இல், தம் 94ஆம் வயதில் அவர் காலமானார். நூற்றாண்டுகளாகப் பெயரில்லாமல் வேலை செய்த கைவினைஞர்களுக்கு நடுவே, அவர் செய்த கத்திகளில் அவர் பெயரே குத்தப்பட்டிருக்கும்.

தகரப்பெட்டியில் கிடைத்த கத்திக்கு வருவோம். பூண் ஜெர்மன் சில்வர். 1820களுக்கு அது பொருந்தவில்லை. 'இங்கிலாந்து' என்ற சொல் இருக்கிறது. அது 1891க்குப் பிந்தியது என்று காட்டுகிறது. 1901 வரை ஆண்டவர் அரசி. பிறகு 1910 வரை எட்வர்ட். ஆகவே அந்த 'ஜி.ஆர்' ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ். முத்திரை அலகின் அடிப்பகுதியில் இருக்கிறது, அதுவும் ஒத்துப்போகிறது. 1910க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலத்துக் கத்தி. வியாபாரி சொன்ன விலை கிடைக்காது. ஆனால் துரை கொடுத்தபோது அது காகிதத்தில் சுற்றிய புதுக் கத்தியாகவே இருந்திருக்க முடியும். பாட்டி சொன்னதில் பிழையில்லை.